எம்.சி. ரோடு கடை, மாதவரம் குடோன்: நடுவில் டேட்டா எப்படித்தான் போகிறது?

வண்ணை_கணக்கு கேட்டது:

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்கள் மாமனாருக்குத் துணிக்கடை, மொத்தமும் சில்லறையும். பில்லிங், ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் என் பொறுப்பு. நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் ஆள் இல்லை, ஆனால் யாராவது பொறுமையாகச் சொன்னால் பிடித்துக்கொள்வேன்.

எங்களுக்கு மூன்று இடம். முதலாவது கடை. சர்வர் இரண்டாம் மாடி ஆபீஸில் இருக்கிறது, கவுண்டர்கள் எல்லாம் கீழே. இதில் குறையே இல்லை, பட்டனைத் தட்டினால் பில் விழுகிறது. இரண்டாவது, பின் தெருவில் ஒரு கட்டடம், அங்கே ஃபால்ஸ் அடிப்பதும் பேக்கிங்கும் நடக்கிறது. அதற்கு மொட்டை மாடி வழியாக ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார்கள். அது விட்டு விட்டுத்தான் வருகிறது, மழை வந்தால் சுத்தமாகப் படுத்துவிடும். மூன்றாவது மாதவரம் குடோன். அங்கே தனி பிராட்பேண்ட், கடையில் இருக்கும் கம்பெனி வேறு, அது வேறு. குடோனில் இருந்தே கடை சாஃப்ட்வேரைத் திறந்து சரக்கு ஏற்ற வேண்டும் என்பதுதான் மாமாவின் ஆசை.

ஒருவர் வந்து ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்று ஏதோ செய்தார், வேலைக்கு ஆகவில்லை. இன்னொருவர் இதற்கு வேன் (WAN) என்று ஒரு நெட்வொர்க் போட வேண்டும், மாதா மாதம் வாடகை வரும் என்கிறார். அடுத்தவர் விபிஎன் என்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் கிளவுடில் போடுங்கள் என்கிறார். எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால் எனக்கு ஒன்று புரிய வேண்டும். இரண்டு இடத்திலும் 100 எம்பி லைன், ஸ்பீட் டெஸ்டில் நன்றாகத்தான் காட்டுகிறது. கடைக்குள் ஓடுவதும் டேட்டா, மாதவரத்துக்குப் போவதும் டேட்டா. அங்கே மட்டும் என்ன மாறுகிறது? லேன், வேன் என்கிறார்களே, தூரம் கூடினால் பெயர் மாறும், அவ்வளவுதானா?


கிரிம்பிங்_டூல் எழுதியது:

முதலில் பின் தெருவை முடிப்போம், அது ஒரு நாள் வேலை. நான் ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கமெல்லாம் பல வருடமாக கேபிள் இழுக்கிறவன், அதனால் இதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்ம்மா. மாதவரத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கேட் 5ஈ ஆகட்டும், கேட் 6 ஆகட்டும், செம்பு ஒயரில் ஈதர்நெட்டுக்குக் கணக்கு 100 மீட்டர். அதிலும் சுவரோரமாகப் போகிற ஒயருக்கு 90, இரண்டு முனையிலும் செருகுகிற பேட்ச் கார்டுகளுக்கு 10. பின் தெரு பார்வைக்குப் பக்கமாகத்தான் தெரியும், ஆனால் இரண்டாம் மாடியில் கிளம்பி, மொட்டை மாடி ஏறி, கைப்பிடிச் சுவரைச் சுற்றி, அங்கே இறங்கி மேஜைவரைக்கும் போகிற ஒயரின் நீளம் வேறு. டேப் வைத்து அளக்க வேண்டாம், ஒயரின் மேலேயே மீட்டர் எண் அச்சடித்திருக்கும், ஒரு முனையில் இருக்கிற எண்ணிலிருந்து மறுமுனையில் இருக்கிற எண்ணைக் கழித்தால் தெரிந்துவிடும். 100 தாண்டினால் உடனே செத்துவிடாது, அதுதான் தொல்லையே. சிக்னல் பலவீனமாகி, அங்கங்கே பிட் பிழையாகி, பெறுகிற பக்கம் அதைக் குப்பையில் போட்டுவிடும், அனுப்பியவர் திரும்ப அனுப்ப வேண்டும், உங்களுக்கு அது விட்டு விட்டு வருவது போலத் தெரியும்.

அப்புறம் அந்த ஒயர் உண்மையிலேயே செம்புதானா என்று பாருங்கள். கேட் 6 என்று அச்சடித்து, உள்ளே அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு கொடுத்த சிசிஏ ஒயர் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு இழையைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளை தெரியும். செம்பை விட அதற்குத் தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். நீண்ட தூரத்துக்கு அதை இழுப்பது உங்கள் பணத்தைக் கரைப்பது. வெளியில் போட்டிருப்பது வீட்டுக்குள் போடுகிற சாதாரண ஒயராகவும் இருக்கும் என்று நினைக்கிறேன், வெயிலில் மேல்தோல் வெடித்துத் தண்ணீர் இறங்கியிருக்கும். நம் பக்கம் கடல் காற்று வேறு, ஆர்ஜே45 கனெக்டரின் பின்னில் பச்சை பூத்துவிடும். மழைக்குப் படுப்பதற்கு இதெல்லாம் போதும்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு, இபி இணைப்பு வேறு. நடுவில் செம்புக் கம்பி ஆகாயத்தில் தொங்கினால், இடி விழுகிற நாளில் அது வழியாக ஒரு மின் அலை ஏறி, ஒயர்கள் வந்து சேர்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியை இரண்டு பக்கமும் சேர்த்துக் கொண்டு போகும், அதோடு நின்றால் நல்லது, சில நேரம் சர்வரும் போகும். அதனால் கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் ஃபைபர்தான். வெளியில் போடுகிற வகையில் சிங்கிள் மோட் ஃபைபர், இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர், அதாவது மின் சிக்னலை வெளிச்சமாகவும் வெளிச்சத்தை மின் சிக்னலாகவும் மாற்றுகிற பெட்டி. உள்ளே ஓடுவது வெளிச்சம், கண்ணாடியில் மின்சாரம் பாயாது, 100 மீட்டர் கவலையும் கிடையாது, சில கிலோமீட்டர் வரைக்கும் அசையாமல் போகும். இபி கம்பத்தில் மட்டும் கட்ட விடாதீர்கள். ஃபைபரோடு சேர்த்து ஸ்டீல் கம்பி வைத்த வகை உண்டு, அது வேண்டாம், கம்பி இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.


கொருக்குப்பேட்டை_சிஎஸ் எழுதியது:

அக்கா, எங்கள் சிலபஸ்படி சொன்னால், உடம்பைச் சுற்றி ப்ளூடூத் மாதிரி இருப்பது பேன், ஒரு கட்டடத்துக்குள் லேன், ஒரு நகரத்துக்குள் மேன், அதைத் தாண்டினால் வேன். உங்கள் கடை லேன், பின் தெரு இரண்டு கட்டடம் என்பதால் கேம்பஸ் நெட்வொர்க் என்று சொல்லலாம், மாதவரம் சென்னைக்குள் இருப்பதால் மேன். தூரத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.


ஹாப்_கணக்கு எழுதியது:

தம்பி சொன்னது தேர்வுக்குச் சரி, மார்க் வரும். ஆனால் கடைக்கார அக்கா கேட்டது வேறு கேள்வி, அதற்கு அந்தப் பட்டியல் உதவாது. பின் தெருவுக்கு ஃபைபர் போட்டால் அது கடையின் லேனிலேயே ஒரு பகுதி, அதே ஃபைபரை 5 கிலோமீட்டர் இழுத்தாலும் அப்படியே. எதிர்வீட்டில் இருக்கிறவருக்கு நீங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் அது ரோட்டைத் தாண்ட ஊரையே சுற்றி வருகிறது. நான் ஒரு இன்டர்நெட் கம்பெனியின் கண்காணிப்பு அறையில் வேலை பார்க்கிறேன், இரவு பகலாக நாங்கள் பார்ப்பது தூரத்தை அல்ல. நடுவில் இருக்கிற கம்பி யாருடையது, எந்த இடத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது, இந்த இரண்டைத்தான். உங்கள் மாதவரம் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குள் என்ன நடக்கிறது? கவுண்டர் சிஸ்டத்துக்கு 192.168.1.20 என்று ஒரு முகவரி இருக்கும், சர்வருக்கு 192.168.1.10 என்று இருக்கும். கவுண்டர் முதலில் பார்ப்பது, போக வேண்டிய முகவரி என் தெருவிலேயே இருக்கிறதா என்று. முன்பகுதி, அதாவது முதல் மூன்று எண்கள், ஒன்றாக இருப்பதால் ஆமாம் என்று முடிவு செய்து, இந்த முகவரிக்காரர் யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். சர்வர் தன் நெட்வொர்க் கார்டின் 48 பிட் மேக் முகவரியைப் பதிலாகச் சொல்லும். அதற்குப் பிறகு பில் விவரம் துண்டு துண்டாக, ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 1500 பைட் என்ற அளவில், அந்த மேக் முகவரி ஒட்டிய ஃபிரேமாகப் போகும். நடுவில் இருக்கிற ஸ்விட்ச் எந்த மேக் எந்த துளையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதைப் பார்த்து அந்த ஒரு துளையில் மட்டும் தள்ளும். ரவுட்டருக்கு இதில் வேலையே இல்லை. இன்டர்நெட் போன அன்றும் உங்களுக்குப் பில் விழுவது அதனால்தான்.

மாதவரத்துக்குப் போக வேண்டும் என்றால் அந்த முன்பகுதி பொருந்தாது. அப்போது கம்ப்யூட்டர் அந்தத் துண்டை ரவுட்டரிடம் கொடுத்துவிடும். இங்கேதான் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கிற துண்டுக்குப் பேக்கெட் என்று பெயர், அதில் போய்ச் சேர வேண்டிய ஐபி முகவரி அப்படியே இருக்கும், வெளியே சுற்றிய ஃபிரேமில் மட்டும் ரவுட்டரின் மேக் இருக்கும். உங்கள் தொழிலிலேயே இது உண்டு. சூரத்தில் பண்டல் கட்டும்போது மேலே எழுதுகிற எம்.சி. ரோடு முகவரி கடைசிவரை மாறாது, ஆனால் ஒவ்வொரு லாரி ஆபீஸிலும் இறக்கி, வேறு வண்டியில் ஏற்றி, அந்த வண்டிக்கான சீட்டை ஒட்டுகிறார்கள் இல்லையா? ஒவ்வொரு ரவுட்டரும் அதைத்தான் செய்கிறது. பழைய ஃபிரேமைக் கழற்றிப் போட்டுவிட்டு, பேக்கெட்டைப் பார்த்து, அடுத்து யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவருக்கு ஒரு புது ஃபிரேம் சுற்றும். முழு வழியும் எந்த ரவுட்டருக்கும் தெரிய வேண்டியதில்லை, அடுத்த கை எது என்று தெரிந்தால் போதும்.

உங்கள் ரவுட்டரைத் தாண்டியதும் அது ஃபைபர் பெட்டிக்குப் போகும். அங்கே 1310 நானோமீட்டர் வெளிச்சமாக மாறி, கம்பத்தில் தொங்குகிற ஒரு ஸ்ப்ளிட்டரில் பக்கத்து வீடுகளோடு சேரும். பொதுவாக 32 அல்லது 64 இணைப்புகள் ஒரே ஃபைபரைப் பகிர்ந்துகொள்ளும், மேலே அனுப்ப ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். கீழே வருவது அதே ஃபைபரில் 1490 நானோமீட்டரில், அதனால் இரண்டும் முட்டிக்கொள்ளாது. அங்கிருந்து கம்பெனியின் பெரிய ரவுட்டர்கள்.

இப்போது கைமாறும் இடம். கடை லைன் ஒரு கம்பெனி, குடோன் லைன் இன்னொரு கம்பெனி. இரண்டு கம்பெனிகளும் எங்காவது ஒரு இடத்தில் சந்தித்தால்தான் பேக்கெட்டைக் கொடுத்து வாங்க முடியும். இதற்காகவே 2003-ல் நிக்சி என்ற தேசிய இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் அமைக்கப்பட்டது, சென்னையிலும் அதன் மையம் இருக்கிறது. இரண்டு கம்பெனிகளும் சென்னையிலேயே கைமாற்றிக்கொண்டால் வேலை சுலபம். சில கம்பெனிகள் மும்பையில்தான் சந்தித்துக்கொள்ளும், அப்போது வண்ணாரப்பேட்டையிலிருந்து மாதவரத்துக்குக் கிளம்பிய பேக்கெட் மும்பைக்குப் போய்த் திரும்பி வரும். பைக்கில் போனால் மூலக்கடை வழியாகக் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்கிற இடம்தான். வழி எது என்பதைத் தீர்மானிப்பது இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் இருக்கிற ஒப்பந்தமும், அதன்படி அவர்களுடைய ரவுட்டர்கள் பிஜிபி என்ற, வழிகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற முறையில் பேசிக்கொள்வதும்தான்.

ஃபைபரில் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அதாவது 200 கிலோமீட்டருக்கு 1 மில்லி நொடி. மும்பைக்குப் போய் வந்தால் நடுவில் இருக்கிற ரவுட்டர்களையும் சேர்த்து 20, 30 மில்லி நொடி சாதாரணமாகவே ஆகிவிடும்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கடை ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி ஐபி என்று என்ன காட்டுகிறது? அப்புறம் இணையத்தில் என் ஐபி என்ன என்று தேடினால் என்ன காட்டுகிறது? முழு எண்ணை இங்கே போட வேண்டாம், முதல் பகுதி போதும்.


வண்ணை_கணக்கு எழுதியது:

லாரி ஆபீஸ் சொன்னதும் பளிச்சென்று புரிந்தது, நன்றி அண்ணா. கிரிம்பிங் அண்ணா சொன்னபடி ஒயர் எண்ணைக் கழித்துப் பார்த்தோம், 100-ஐத் தாண்டியிருக்கிறது. ஃபைபர் போடச் சொல்லிவிட்டேன்.

ரவுட்டரில் 100.-இல் தொடங்குகிறது, அடுத்த எண் 70-க்கு மேல். இணையத்தில் தேடினால் முற்றிலும் வேறு எண் காட்டுகிறது. குடோனிலும் இதே கதைதான். ஒரே ரவுட்டருக்கு எப்படி இரண்டு முகவரி இருக்கும்?


ஹாப்_கணக்கு எழுதியது:

நினைத்தேன். போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியேயிருந்து வருகிறதை உள்ளே விட ரவுட்டரில் ஒரு கதவைத் திறப்பது. அதைச் செய்தவர் மேல் குற்றமில்லை, அவர் திறந்த கதவுக்கு வெளியே இன்னொரு பூட்டிய கதவு இருக்கிறது.

நாம் இன்னமும் பயன்படுத்துகிற ஐபி பதிப்பு 4-ல் முகவரி 32 பிட். மொத்தமே ஏறத்தாழ 429 கோடி எண்கள்தான் உலகத்துக்கு. 2011 பிப்ரவரியில் மைய இருப்பு தீர்ந்துபோனது. அதற்கு முன்பே கண்டுபிடித்த வழிதான் வீட்டுக்குள், கடைக்குள் எல்லோரும் 192.168 என்று ஒரே மாதிரி எண்களை வைத்துக்கொள்வதும், வெளியே போகும்போது ரவுட்டர் அதை மறைத்துத் தன் வெளி எண்ணைப் போடுவதும். லாரி பண்டலில் முகவரி மாறாது என்று மேலே சொன்னேன், அனுப்பியவர் முகவரிக்கு மட்டும் இந்த ஒரு இடத்தில் விதிவிலக்கு. யார் எந்தப் பக்கம் எதைக் கேட்டார்கள் என்று ரவுட்டர் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும், பதில் வந்ததும் அதைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கும். எண்கள் இன்னும் பற்றாமல் போனதும் கம்பெனிகளும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கின, ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரு சில வெளி எண்களுக்குப் பின்னால் வைத்தன. 2012-ல் அதற்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒதுக்கினார்கள். உங்கள் 100 அந்த வகை.

இதன் விளைவு என்ன? உள்ளேயிருந்து தொடங்குகிற பேச்சுக்குப் பட்டியலில் குறிப்பு இருக்கும். வெளியேயிருந்து தானாக வருகிற பேக்கெட்டுக்குக் குறிப்பே இருக்காது, கம்பெனியின் பெட்டியே அதை வீசிவிடும், உங்கள் ரவுட்டர் வரை வராது. இரண்டு பக்கமும் இப்படி இருப்பதால் கடையும் குடோனும் ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிட முடியாது.

வழிகள் இருக்கின்றன. கடை லைனுக்கு மட்டும் நிலையான பொது ஐபி, அதாவது உங்களுக்கே உரிய, மாறாத வெளி எண், வாங்கலாம், அதற்கு ஒரு கூடுதல் கட்டணம் கேட்பார்கள். வாங்கியபின் கடை ரவுட்டரில் வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன், அதாவது இன்டர்நெட்டுக்குள்ளேயே உங்களுக்கு மட்டுமான ஒரு பூட்டிய குழாய், குடோன் அதை உள்ளேயிருந்து கூப்பிடும். கேட்பது குடோன் என்பதால் அங்கே பொது ஐபி தேவையே இல்லை. அல்லது டெயில்ஸ்கேல் மாதிரி சேவை, அது இரண்டு பக்கத்தையும் வெளியே பார்க்க வைத்து நடுவில் அறிமுகம் செய்து வைக்கும், பெரும்பாலும் இரண்டும் நேராகவே பேசிக்கொள்ளும், முடியாவிட்டால் நடுவில் ஒரு இடம் வழியாகப் போகும். அல்லது இரண்டு இடத்துக்கும் ஒரே கம்பெனியில் பாயிண்ட் டு பாயிண்ட் லைன் கேட்கலாம். உங்களிடம் வேன் என்று சொன்னவர் மனதில் இருந்தது அதுதான். நன்றாக ஓடும், ஆனால் ஒரு குடோனுக்கு அந்த வாடகை அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு லைனிலும் ஐபி பதிப்பு 6 வருகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள், அதில் எண் பஞ்சம் கிடையாது.

பொது ஐபி கிடைத்ததும் யாராவது ரிமோட் டெஸ்க்டாப்பின், அதாவது ஒரு கம்ப்யூட்டரின் திரையை வேறு இடத்திலிருந்து இயக்குகிற வசதியின், 3389 போர்ட்டை நேராக வெளியே திறந்து வைத்தால் உடனே தடுத்துவிடுங்கள். அந்த எண்ணைத் தேடி உலகம் முழுவதும் புரோகிராம்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. பாஸ்வேர்ட் லேசாக இருந்தால் உள்ளே வந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். வருடக் கணக்கான ஸ்டாக் விவரம் ஒரே இரவில் போய்விடும். வெளியே திறந்திருப்பது விபிஎன் ஒன்று மட்டும், மற்றதெல்லாம் அதற்குள்ளே.

இன்னொன்று, பலர் சறுக்குகிற இடம். இப்போது கடையிலும் 192.168.1, குடோனிலும் 192.168.1 என்றுதான் இருக்கும், கம்பெனி கொடுத்த ரவுட்டரில் அப்படியே வரும். விபிஎன் போட்டாலும் குடோன் கம்ப்யூட்டர் 192.168.1.10 என்றதும் அது என் தெருதானே என்று நினைத்துக் குடோனுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும், ரவுட்டரிடம் கொடுக்கவே கொடுக்காது. குடோனை 192.168.20 என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.


பெரம்பூர்_டெவ் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஹாப் அண்ணா சொன்ன விபிஎன்னைப் போட்டுவிட்டு, குடோன் கம்ப்யூட்டரில் அதே பில்லிங் சாஃப்ட்வேரை நிறுவி, கடை சர்வரின் டிரைவை மேப் செய்து, அதாவது குடோன் கம்ப்யூட்டரின் சொந்த டிரைவ் போலக் காட்ட வைத்துத் திறந்தால் நீங்கள் மறுபடி இங்கே வந்து, லைன் வேகமாக இருக்கிறது, சாஃப்ட்வேர் மட்டும் தூங்குகிறது என்று எழுதுவீர்கள். கடைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

100 எம்பி என்பது ஒரு நொடியில் எவ்வளவு கொண்டுபோக முடியும் என்பது. ஒரு கேள்வி போய்ப் பதில் வர எவ்வளவு நேரம் என்பது வேறு. பழைய பாணி பில்லிங் சாஃப்ட்வேர்கள் லேனை நம்பி எழுதப்பட்டவை. ஒரு திரையைத் திறக்க சர்வரிடம் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்காது, ஒன்றைக் கேட்டு, பதில் வந்தபின் அடுத்ததைக் கேட்கும். ஒரு திரைக்கு 400 கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் போய்வர அரை மில்லி நொடி, 400 கேள்வியும் 0.2 நொடியில் முடியும், உங்களுக்குத் தட்டியதும் திறந்தது மாதிரி இருக்கும். மாதவரத்திலிருந்து, மும்பை சுற்றியோ சுற்றாமலோ, 30 மில்லி நொடி என்றால் அதே 400 கேள்விக்கு 12 நொடி. லைனை 500 எம்பி ஆக்கினாலும் அதே 12 நொடிதான், ஏனென்றால் லைன் பெரும்பாலான நேரம் சும்மா பதிலுக்குக் காத்திருக்கிறது. கடைக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் வருடா வருடம் பெரிய பிளானுக்கு மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அதுவும் டிரைவ் மேப் செய்து ஒரு டேட்டாபேஸ் ஃபைலை நேராகத் திறப்பது இன்னும் மோசம், எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் போனால் ஃபைலே கெட்டுப்போகும்.

என் யோசனை இதுதான். சாஃப்ட்வேர் கடையிலேயே ஓடட்டும். குடோன்காரர் விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக் கடையில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரின் திரையைப் பார்க்கட்டும். அப்போது அந்த 400 கேள்விகளும் கடை லேனுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும், மாதவரத்துக்கு வருவது திரையின் படமும் கீபோர்டு தட்டலும் மட்டும். 30 மில்லி நொடி தாமதம் கைக்கே தெரியாது. ஆனால் கவுண்டர் சிஸ்டத்தை இதற்குப் பயன்படுத்த முடியாது. சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான், குடோன்காரர் உள்ளே வந்தால் கவுண்டரில் இருப்பவரை வெளியே தள்ளிவிடும். குடோனுக்கென்று ஒரு சின்ன கம்ப்யூட்டரை ஆபீஸ் மூலையில் வைத்துவிடுங்கள், விண்டோஸ் புரோவாக இருக்க வேண்டும், ஹோமில் இந்த வசதி வராது.


கொருக்குப்பேட்டை_சிஎஸ் எழுதியது:

அண்ணா, அப்படியென்றால் கிளவுடில் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? சர்வர் எங்கே இருந்தால் என்ன?


ஹாப்_கணக்கு எழுதியது:

எங்கே இருக்கிறது என்பதுதான் தம்பி முக்கியம், கிளவுட் என்பதும் ஒரு ஊரில் ஒரு கட்டடத்தில் இருக்கிற சர்வர்தான். மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது, அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறது. சில சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகள் சிங்கப்பூரில் வைத்திருப்பார்கள். சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16, வெளிச்சத்துக்கே 32 மில்லி நொடி வேண்டும், அதைக் குறைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. ஒரு திரைக்கு நாலைந்து கேள்வியோடு முடிகிற மாதிரி இணையத்துக்கென்றே எழுதிய சாஃப்ட்வேராக இருந்தால் அது பெரிய விஷயமே இல்லை, நன்றாக ஓடும். இப்போது இருக்கிற பழைய சாஃப்ட்வேரின் டேட்டாவை மட்டும் தூக்கிக் கிளவுடில் வைத்தால் மாதவரத்தில் இருந்த மந்தம் கடைக் கவுண்டருக்கும் வந்துவிடும். அதோடு, இன்டர்நெட் போனால் பில்லும் நிற்கும். தீபாவளி வாரத்தில் எம்.சி. ரோட்டில் அரை மணி நேரம் பில் நின்றால் என்ன ஆகும் என்று அக்காவைக் கேளுங்கள்.


வண்ணை_கணக்கு எழுதியது:

அதை நினைத்தாலே நடுங்குகிறது. சரி, முடிவு செய்துவிட்டோம். பின் தெருவுக்கு ஃபைபர், கடை லைனுக்குப் பொது ஐபி, விபிஎன், மூலையில் ஒரு கம்ப்யூட்டர். குடோன் எண்ணை மாற்றச் சொல்லி இந்தப் பக்கத்தையே ஆளிடம் காட்டிவிட்டேன். எல்லோருக்கும் மனதார நன்றி.

கடைசியாக ஒன்று மட்டும். போன மாதம் ஒரு நாள் கடை முழுவதும் அப்படியே உறைந்து நின்றது, ஒரு கவுண்டர் கூட வேலை செய்யவில்லை. ஸ்விட்சில் எல்லா லைட்டும் வெறி பிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் மறுபடி அதே. கடைசியில் பெருக்கும்போது கழன்று கிடந்த ஒயரை யாரோ செருகியிருக்கிறார்கள் என்று தெரிந்து, அதைப் பிடுங்கியதும் சரியானது. ஒரு ஒயரைச் செருகினால் எப்படிக் கடையே நிற்கும்?


கிரிம்பிங்_டூல் எழுதியது:

அந்த ஒயரின் மறுமுனையும் அதே ஸ்விட்சிலோ, அதோடு சேர்ந்த இன்னொரு ஸ்விட்சிலோ இருந்திருக்கும்மா. வட்டம் விழுந்துவிட்டது. இந்த முகவரிக்காரர் யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் போகும் என்று ஹாப் சொன்னார் இல்லையா, ஸ்விட்ச் அந்த மாதிரி ஃபிரேமை வந்த துளை தவிர மற்ற எல்லாத் துளையிலும் தள்ளும். வட்டம் இருந்தால் அது சுற்றித் திரும்ப வரும், மறுபடி எல்லாவற்றிலும் தள்ளும், ஒன்று பலவாகி ஒரு நொடிக்குள் ஒயர் முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். வெளியே இன்டர்நெட்டில் போகிற ஐபி பேக்கெட்டில் ஒரு எண் இருக்கும், ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானதும் பேக்கெட் தூக்கி எறியப்படும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒன்று கிடையாது, யாராவது ஒயரைப் பிடுங்கும்வரை சுற்றும்.

இதற்கு மருந்து 1985-லேயே ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் எழுதிக் கொடுத்துவிட்டார், ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, எங்கே வட்டம் இருக்கிறது என்று கண்டுபிடித்து அந்த ஒரு துளையை மட்டும் தானாக மூடி வைக்கும். நீங்கள் வைத்திருப்பது விலை குறைந்த, செட்டிங் ஏதும் இல்லாத ஸ்விட்சாக இருக்கும், பெரும்பாலும் அதில் இது வராது. மெயின் ஸ்விட்சை மாற்றும்போது மேனேஜ்டு ஸ்விட்சாகக் கேளுங்கள், அதில் இந்த வசதியை ஆன் செய்யச் சொல்லுங்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள், சும்மா தொங்குகிற ஒயரைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், பெருக்குகிறவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஃபைபர் போட வருகிறவரிடம் மீடியா கன்வர்ட்டர் இரண்டுக்கும் யூபிஎஸ் லைன் கொடுக்கச் சொல்லுங்கள், அதை விட்டுவிடுவார்கள்.